புதிய சபை எங்கே கூடுவது, எப்படிக் கூடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் எங்கள் கிறிஸ்தவ சபை தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குள் நான்கு இடம் பார்த்துவிட்டோம். முதலில் ஒரு லைன் வீடு, அப்புறம் ஒரு மாடி, அப்புறம் ஒரு நர்சரி பள்ளியின் ஹால், இப்போது ஒரு பழைய பனியன் குடோன். நான் போதகர் இல்லை. சபைக் காரியங்களைக் கவனிக்கிற மூப்பர்களில் ஒருவன், வாரநாட்களில் கம்பெனி வேலை. புதிதாகச் சபை தொடங்குகிறவர்கள் போனிலும் நேரிலும் கேட்கிற கேள்விகளுக்கு, எங்களுக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு பேர்தான் இருக்கிறோம். ஆலயம் இல்லாமல் இதைச் சபை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். புதிய ஏற்பாட்டில் சபை என்ற சொல் வரும் இடங்களில் கட்டடம் கிடையாது, கூடிவந்த ஆட்கள்தான் இருக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபைக்குப் பவுல் வாழ்த்து அனுப்புகிறார். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் நிம்பாவின் வீடு வருகிறது, பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தில் பிலேமோனின் வீடு. பிலிப்பியில் ஆற்றங்கரையில் பெண்கள் ஜெபிக்கக் கூடிய இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிறகு அது இரத்தாம்பரம் விற்கிற லீதியாளின் வீட்டுக்கு வந்தது.

சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற பழைய ஊரில் 1930களில் ஒரு வீட்டைத் தோண்டி எடுத்தார்கள். ஏறக்குறைய கி.பி. 240ல், அந்த வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே ஹாலாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் உள்ள மற்ற வீடுகளைப் போலத்தான் அதுவும் இருந்திருக்கும். ஆள் அதிகமானதும் ஒரு சுவரை எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் லைன் வீட்டில் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வரும்.

நம் ஊரிலும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் 1780லேயே 40 பேரின் பெயர்களோடு சபைப் பதிவேடு இருந்தது. பிராமண விதவையாக இருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மையார் கட்டிய சிறிய ஆலயம் வந்தது 1785ல். ஆட்கள் முதலில் வந்தார்கள், கட்டடம் பிறகு வந்தது.

வீட்டில் ஆரம்பிக்கலாம் என்றால், யார் வீட்டில்?

பெரிய வீடு யாருடையது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த வீட்டில் இருக்கிற எல்லாரும் மனதாரச் சம்மதித்தார்களா என்று முதலில் பாருங்கள். கணவர் விசுவாசத்துக்கு வந்திருப்பார், அவருடைய அம்மா வந்திருக்க மாட்டார். ஞாயிறு காலை முழுவதும் அந்த அம்மா சமையலறையிலேயே அடைந்து கிடக்க வேண்டியிருந்தால், அது அவருக்குச் செய்கிற அநியாயம். மாமியார் "வாங்க, உட்காருங்க" என்று சொல்கிற வீடு சிறியதாக இருந்தாலும் அதுவே நல்ல வீடு.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். டியூஷன், யோகா கிளாஸ் என்று சொல்லி இடம் பிடிக்கிற வேலை வேண்டாம். பொய் சொல்லி எடுத்த அறையில் சத்தியத்தைப் பிரசங்கிக்க முடியாது.

அப்புறம் அந்த வீட்டு அக்கா. இருபது பேர் வந்தால் டீ யார் போடுகிறார்கள், டம்ளர் யார் கழுவுகிறார்கள், தரை யார் துடைக்கிறார்கள்? வாரத்தில் ஒரே நாள் லீவு கிடைக்கிற பெண்ணுக்கு அந்த நாளும் போய்விடுகிறது. எங்கள் சபையில் இதை ஒரு வருடம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஆண்கள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தோம். முறை வைத்து இன்றும் செய்கிறோம்.

வாரம் ஒரு வீடு என்று சுற்றி வருவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புதிதாக வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போவார். ஞாயிறு ஆராதனை ஒரே இடத்தில் இருக்கட்டும், வாரநடு ஜெபக்கூட்டம் வீடு வீடாகச் சுற்றட்டும்.

வீட்டில் கூடுவதற்கு அரசு அனுமதி வேண்டுமா?

இதைத்தான் எல்லாரும் பயத்தோடு கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் வழிபடவும் பரப்பவும் உரிமை தருகிறது. வீட்டில் குடும்பமாக ஜெபிப்பதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் ஜெபிப்பது வேறு, வீட்டை ஜெபக்கூடமாக மாற்றுவது வேறு. பொது வழிபாட்டுக்கென்று ஒரு கட்டடம் எழுப்பத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. இருக்கிற வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டி, மைக் வைத்து, வாராவாரம் பொதுமக்கள் வருகிற இடமாக மாற்றும்போதும் இந்தக் கேள்வி வரும். எது வீட்டு ஜெபம், எது பொது வழிபாடு என்பதில் உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதனால் பலகை மாட்டுவதற்கு முன்பே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பிரச்சினை வந்த பிறகு பார்த்தால் செலவு பத்து மடங்கு. அனுமதி கேட்டு மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். அதைக் கோப்பில் போட்டு வையுங்கள்.

அக்கம்பக்கத்தார் புகார் சொல்கிறார்கள். இது உபத்திரவமா?

சில இடங்களில் உண்மையிலேயே உபத்திரவம்தான். வேண்டுமென்றே வந்து கூட்டத்தைக் கலைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காவல் துறையிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதிலுக்குப் பதில் கத்தக் கூடாது.

ஆனால் எங்கள் விஷயத்தில் தப்பு எங்களுடையது. லைன் வீடு என்றால் ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே நடை. நாங்கள் காலை ஏழு மணிக்கே கீபோர்டை ஆன் செய்துவிடுவோம். அடுத்த கதவில் இருந்தவர் நைட் ஷிஃப்ட் முடித்து ஆறு மணிக்குத்தான் படுப்பார். மூன்றாவது வாரம் கதவைத் தட்டினார். "ஏனுங்க, இருக்கறது ஒரு நாள் லீவுங்க. அன்னிக்காச்சும் தூங்க உடமாட்டீங்களா?" அவர் குரலில் வெறுப்பு இல்லை, அசதி இருந்தது. போதாததற்கு அவர் மனைவி போட்ட கோலத்தின் மேல் எங்கள் செருப்புகள் இருபது ஜோடி. அன்றே நேரத்தை மாற்றினோம், கீபோர்டை நிறுத்தினோம். கைத்தட்டலும் குரலும் போதுமாக இருந்தது. செருப்புக்கு ஒரு சாக்கு விரித்தோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒலி மாசு விதிகள், 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. முழு இரவு ஜெபம் வைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் தட்டித்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நைட் ஷிஃப்ட் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

மாடியில் ஹால் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

நாங்கள் எடுத்தோம். கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடி. காற்றோட்டம், வாடகை எல்லாம் நன்றாக இருந்தது. சந்தோஷமாகப் பால் காய்ச்சி உள்ளே போனோம். படி 34.

எங்களோடு ஆரம்பத்திலிருந்து இருந்த ஒரு பாட்டிக்கு முழங்கால் வலி. முதல் வாரம் இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் அவர் வரவில்லை, உடம்பு சரியில்லை போல என்று நினைத்தோம். ஒரு மாதம் கழித்து, ஆராதனை நடுவில் தண்ணீர் கேன் எடுக்கக் கீழே இறங்கிய தம்பி பார்த்திருக்கிறான். மூடியிருந்த மாவு மில்லின் வாசற்படியில் பாட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் பைபிள், மேலேயிருந்து வருகிற பாட்டுக்கு வாய் அசைத்துக்கொண்டு. நான்கு வாரமும் அப்படித்தான் வந்திருக்கிறார். "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்னு சொல்லல" என்றார்.

அன்றிலிருந்து எந்த இடம் பார்க்கப் போனாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, இங்கே யாரால் வர முடியாது என்பதுதான். எத்தனை பேர் உட்காரலாம் என்பது அதற்குப் பிறகு. தரைத்தளம், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, இருட்டிய பிறகு தெருவிளக்கு. வாடகை ஆயிரம் ரூபாய் கூடினாலும் இவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாடி என்றால் துரோவாவில், பவுல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மாடியிலிருந்து தூங்கி விழுந்த கதையும் நினைவிருக்கட்டும். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, குழந்தைகள் ஓடுகிற பக்கம் கைப்பிடிச் சுவர் உயரமா என்று பார்த்தே தீர வேண்டும்.

பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கடை: இவற்றை வாடகைக்கு எடுப்பது சரியா?

சரிதான். எபேசுவில் யூதர்களின் ஜெபஆலயத்தில் எதிர்ப்பு வந்ததும் பவுல் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலைக்கு மாறி, இரண்டு வருடம் அங்கே தினமும் பேசினார். வாடகைக் கூடம் நமக்குப் புதிதில்லை.

நர்சரி பள்ளி ஹால் எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும், கழிப்பறை இருக்கும், ஓய்வுநாள் பள்ளிக்கு அறைகளும் இருக்கும். சிரமம் ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் சேர், பாய், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டு, முடிந்ததும் எடுத்து, பெஞ்சுகளைப் பழையபடி வைக்க வேண்டும். இதற்கு நான்கு பேர் நிரந்தரமாக வேண்டும். போதகரின் குடும்பமே இதைச் செய்துகொண்டிருந்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். பள்ளியில் ஆண்டு விழா, தேர்வு வந்தால் இடம் கிடைக்காது, மாற்று இடம் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கல்யாண மண்டபம் முகூர்த்த மாதங்களில் கிடைக்காது. தை பிறந்தால் அலைச்சல்தான்.

எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எதற்குப் பயன்படுத்துகிறோம், எந்த நேரம், கரண்ட் பில் யார், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எந்தத் தெருவில் கூடுவது? ஊருக்குள்ளா, காலனியிலா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மெதுவான குரலில்தான் கேட்கிறார்கள். நான் உரக்கவே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட சாதியார் மட்டும் இருக்கிற தெருவில், அந்தச் சாதிக்காரர் வீட்டு ஹாலில் கூடினால், தலித் விசுவாசி வாசல் வரை வந்து நிற்பார். உள்ளே வரச் சொல்லி நாம் அழைத்தாலும், திரும்பிப் போகிற வழியில் தெருவில் அவர் கேட்கிற பேச்சை நாம் கேட்கப்போவதில்லை.

நம் சபை வரலாற்றில் இந்தக் காயம் பழையது. வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே சாதி பிரிக்கிற சுவர் இருந்து, 1910ல்தான் இடிக்கப்பட்டது. புரொட்டஸ்டன்ட் பக்கத்திலும் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு அனுப்பியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. சுவர்கள் போய்விட்டன. ஆனால் சில இடங்களில் எங்கே கூடுவது என்கிற முடிவே சுவராக நிற்கிறது.

அதனால் என் கருத்து இது. யாருக்கு மற்ற தெருக்களில் நுழையத் தயக்கமோ, அவர்கள் தயங்காமல் நடந்து வரக்கூடிய இடத்தில் கூடுங்கள். காலனியில் கூடினால் மற்றவர்கள் வரமாட்டார்களே என்று சொல்வார்கள். வருகிறவர்கள் வருவார்கள். வராதவர்களோடு அதைப் பற்றிப் பேச வேண்டியது போதகரின் கடமை. பேருந்து நிலையம், கடைவீதி, தொழிற்பேட்டை போல எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாத இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் குடோன் அப்படிப்பட்டது.

பாயா, சேரா?

பாய் போட்டால் ஆள் அதிகம் கொள்ளும், குழந்தைகளுக்கும் வசதி. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சேர் வேண்டும். இரண்டையும் வையுங்கள். முன்வரிசையில் குஷன் சேர் போட்டு "முக்கியஸ்தர்களுக்கு" என்று ஒதுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார்.

ஞாயிறு காலையில்தான் ஆராதனை வைக்க வேண்டுமா?

வழக்கம் அதுதான், நல்ல வழக்கமும்கூட. ஆனால் உங்கள் ஆட்களின் வேலையைப் பாருங்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை மார்க்கெட், கறிக்கடை, துணி துவைப்பு. ஷிப்மென்ட் அவசரம் என்றால் ஞாயிறும் வேலை உண்டு. காலை ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்காக மாலை ஆறு மணிக்கு ஒன்று தொடங்கினோம். முதல் வாரமே ஒன்பது பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. துரோவாவில் கூடியவர்களும் வாரத்தின் முதல்நாளில், விளக்கு ஏற்றி, நள்ளிரவு வரை கூடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது லீவு நாள் கிடையாது.

ஆராதனையை எப்படி நடத்துவது? பெரிய சபைகளில் செய்வது போலவா?

பதினைந்து பேருக்கு மேடை எதற்கு? மைக்கைப் பிடித்துக்கொண்டு, லட்சம் பேர் கன்வென்ஷனில் பேசுகிற குரலில் நான்கு சுவருக்குள் பேசினால், கேட்கிறவருக்குக் காது மட்டும்தான் வலிக்கும். சின்னக் கூட்டத்துக்கென்று சில வசதிகள் இருக்கின்றன. வட்டமாக உட்காரலாம். ஒவ்வொருவரின் ஜெப விண்ணப்பத்தையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். வசனம் புரியவில்லை என்றால் நடுவிலேயே கேட்கலாம். இந்த நாட்கள் திரும்ப வராது, அனுபவியுங்கள்.

சேர்ந்து சாப்பிடுங்கள். தென்மாவட்டங்களில் அசனம் என்றால் ஊரே பந்தியில் உட்காரும். அதன் சின்ன வடிவமாக மாதம் ஒரு ஞாயிறு தக்காளி சாதமும் முட்டையும் போதும். எல்லாரும் வந்த பிறகு பரிமாறுங்கள். கொரிந்து சபையில் முந்தி வந்தவன் வயிறு நிறையச் சாப்பிட, பிந்தி வந்தவன் பசியோடிருந்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுதியது இதைப் பற்றித்தான்.

ஒடியா, இந்தி பேசுகிற தொழிலாளர்கள் வந்தால், பின்னால் ஒருவர் உட்கார்ந்து மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்லட்டும். வாசிக்கிற வசனத்தை அவர்களில் ஒருவர் தம் மொழியில் வாசிக்கட்டும்.

பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது. அங்கே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கும் முன் அந்த ஆயரைப் போய்ப் பாருங்கள். அவருடைய சபையாரை இழுக்க வரவில்லை என்பதைச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். சபையே இல்லாத பகுதி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஏன் இங்கே என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் மட்டும் கூடினால் போதாதா?

படுக்கையில் இருக்கிறவருக்கும் வெளிநாட்டில் வேலை செய்கிறவருக்கும் அது பெரிய ஆசீர்வாதம். மற்றவர்களுக்குப் போதாது. அப்பம் பிட்டுக் கொடுக்க ஒரு கை வேண்டும்.

நிலம் எப்போது வாங்குவது? யார் பெயரில்?

அவசரப்படாதீர்கள். கடன் வாங்கி நிலம் வாங்கிய சபையில் மூன்று வருடம் காணிக்கையைப் பற்றித்தான் பிரசங்கம் நடக்கும். பார்த்திருக்கிறேன்.

தனிநபர் பெயரில் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் போதகர் பெயரில் பத்திரம் போட்டார்கள். அவர் நல்ல மனிதர், யாரும் சந்தேகப்படவில்லை. திடீரென்று இறந்துபோனார். நிலம் சட்டப்படி வாரிசுகளுக்குப் போனது. பத்து வருடம் சீட்டுப் போட்டும் வளையல் விற்றும் காணிக்கை கொடுத்த பெண்கள் வெளியே நின்றார்கள்.

அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்யுங்கள், அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதன் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு எடுங்கள். ஒருவர் கையெழுத்தில் மட்டும் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்பதோடு, அங்கே வழிபாட்டுக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றால், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இருக்கிறது. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சபைக் கணக்கில் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது.

இடம் நிறைந்துவிட்டது. பெரிய இடமா, இரண்டாகப் பிரிவதா?

எங்கள் சபையில் இதில் இன்னும் ஒருமனம் வரவில்லை. நான் பிரிவதன் பக்கம். 120 பேர் குடோனில் உட்கார்ந்தால் கடைசி வரிசையில் யார் அழுகிறார்கள் என்று தெரிவதில்லை. பல்லடம் சாலையில் இருக்கிற எட்டுக் குடும்பம் அங்கேயே ஒரு வீட்டில் ஆரம்பித்தால் பேருந்துச் செலவும் மிச்சம்.

இடம் மாறும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வெள்ளையடித்து, ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அடைத்து, கரண்ட் பில் கட்டி, சாவியைக் கையில் கொடுத்து விடைபெறுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கள். பழைய வாசலில் ஒட்டுகிற அறிவிப்பு மழைக்குக் கிழிந்துவிடும், படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். அதனால் இரண்டு மாதத்துக்கு ஞாயிறுதோறும் ஒருவர் பழைய இடத்தின் வாசலில் நிற்க வேண்டும். நாங்கள் ஒரு தம்பியை பைக்கோடு நிறுத்தினோம். ஐந்தாவது வாரம் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வந்தார். ஆறு மாதத்துக்கு முன் ஒரே ஒரு முறை வந்தவராம். தம்பி பைக்கைத் தள்ளிக்கொண்டே அவர்களோடு புது இடம் வரை நடந்து வந்தான்.